ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள்

"ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரிதான் செஞ்சோம்" என்று சொல்லாத பெற்றோர் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரே பள்ளி, ஒரே டியூஷன் கட்டணம். நான் பொறியியலாளன் ஆனேன். தம்பி செம்பனைத் தோட்டத்தில் பழைய ஹைலக்ஸ் ஓட்டுகிறான். சமமாகக் கொடுத்தால் நியாயமாகக் கொடுத்ததாகிவிடுமா?

அந்த ஹைலக்ஸின் பின் டிஃபரன்ஷியலை வீட்டு வாசலிலேயே பிரித்துக் கட்டினோம். பினியனுக்கு ஷிம் மாற்றி, கிரவுன் வீல் பற்களில் மசை தடவித் தடம் பார்த்து, பற்களுக்கிடையிலான தளர்வை 0.13க்கும் 0.18 மில்லிமீட்டருக்கும் நடுவில் கொண்டுவர ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போனது. டயல் கேஜை நான் வைப்பதற்குள் தம்பி கையால் ஆட்டிப் பார்த்து, "இன்னும் லூசா இருக்குண்ணே" என்பான். சரியாகத்தான் இருக்கும்.

வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடும். ஆனால் முறுக்குவிசையைச் சமமாகத்தான் பங்கிடும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அது தாங்கும் சொற்ப விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று வீணாகச் சுழலும், மற்றது நிற்கும், வண்டி நகராது. பங்கீட்டில் ஒரு குறையும் இல்லை.

பார்ப்பவர்கள் சுழலும் சக்கரத்தைத்தான் குறை சொல்வார்கள். தம்பி படிவம் ஐந்தில் இருந்தபோது அப்பா படுக்கையில் கிடந்தார். டியூஷனுக்குப் பணம் கட்டியாயிற்று. அவன் இரவுகள் மருத்துவமனையில் கழிந்தன. அவன் சும்மாவா இருந்தான்? பிடிமானம் இல்லை, அவ்வளவுதான்.

உவமை ஓரிடத்தில் உடைகிறது. வண்டியில் ஒன்று வழுக்கினால் மற்றதும் நிற்கும். வீட்டில் நான் நகர்ந்துவிட்டேன். ஒரே அச்சில் இருந்தோம் என்பதை நகர்ந்தவன் மறப்பது சுலபம்.

சரி, டிஃப் லாக் போட்டு இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல வைத்தால்? சேற்றில் உதவும். தார்ச்சாலை வளைவில் டயர் தேயும், அச்சு திணறும். எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் எல்லாத் தரைக்கும் பொருந்தாது. தோட்டத்தில் வண்டி சிக்கினால் வழுக்கும் சக்கரத்துக்கு அடியில் செம்பனை மட்டையைப் போடுவார்கள். எண்ணெயை மிதித்துக்கொண்டே இருப்பவன் குழியைத்தான் ஆழமாக்குவான்.

எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குப் பார்க்கிறோம். எந்தத் தரையில் நின்று வாங்கினான் என்று கேட்பதில்லை. அதைக் கேட்ட பிறகு, என் பட்டத்தை என் உழைப்புக்கு மட்டும் கிடைத்த கூலி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.