அடமானமும் அணுவிரதமும்

இல்லறத்தில் வாழ்வோர்க்குக் கடன் கொடுத்தலும் கொள்ளுதலும் தவிர்க்க இயலாதன. வீடு கட்டுதற்கும், மக்களைப் படிக்க வைத்தற்கும், நிலத்தைத் திருத்துதற்கும் நம் குடும்பங்கள் பலவும் வங்கிகளையே நாடுகின்றன. நம்மவருள் வங்கிப் பணியாற்றுவோரும் உளர். ஆகவே, அடமானம் வைத்தவரை எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்னும் வினா ஆட்சியாளர்க்கு மட்டும் உரியதன்று. சிராவக ஒழுக்கத்தையும் சார்ந்ததாகும்.

2002-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சர்ஃபாசி சட்டம், நீதிமன்றத்தை நாடாமலே, 60 நாள் அறிவிப்புக்குப் பின் பிணைச் சொத்தைக் கைக்கொள்ளும் உரிமையை வங்கிகளுக்கு அளித்தது. அதனை எதிர்த்து முறையிட விரும்புவோர், கோரப்பட்ட தொகையில் நூற்றுக்கு 75 பங்கை முன்னதாகக் கட்டுதல் வேண்டும் என்றும் விதித்தது. கட்ட இயலாமையால் அன்றோ ஒருவர் முறையிட வருகிறார்! மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில், 2004 ஏப்ரல் 8 அன்று, உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென நீக்கியது. அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பெற்றது. கடனாளி எழுதும் மறுப்பை வங்கி ஆராய்ந்து, ஏற்காவிடில் காரணம் தெரிவித்தல் வேண்டும் என்பது சேர்க்கப்பட்டது. 2023 ஜூலை 24 அன்று, சில வங்கிகள் இரக்கமின்றிக் கடன் வசூலிப்பதாக மக்களவையில் பேச்சு எழுந்தபோது, மனிதநேயத்துடன் நடக்குமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார்.

மக்களின் குரலுக்குச் சட்டம் செவிசாய்ப்பது நன்றே. ஆயினும் அது எட்டாத இடங்கள் உள. சேர்வராயன் மலையில், ஏற்காட்டுப் பகுதியைச் சேர்ந்த மாரமங்கலத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே காப்பியும் மிளகும் பயிரிடும் சிறு தோட்டக்காரர் ஒருவர் வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெற்றதாகக் கொள்வோம். காப்பிப் பழம் பறித்து விற்ற பின்னரே அவர் கையில் பணம் புழங்கும். பங்குனி, சித்திரையில் பெய்ய வேண்டிய மழை பொய்த்தால் பூ குறையும். அவ்வாண்டின் வரவும் குறையும். பயிர்க் கடனுக்குப் பருவக் கணக்கு உண்டு. வீட்டுக் கடனுக்கோ மாதக் கணக்கே. தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றால் அது வாராக் கடனாகிவிடும். விளைநிலத்தைச் சர்ஃபாசி நடவடிக்கையினின்று சட்டம் விலக்கியுள்ளது; வீட்டை விலக்கவில்லை.

இவ்விடத்தில் நம் ஆசாரியர்கள் வகுத்த நெறி துணை நிற்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் விரதங்களுக்கு நேரும் அதிசாரங்களை, அஃதாவது குற்றங்களை, விரித்துரைக்கிறது. அகிம்சை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று அதிபாராரோபணம். தாங்க இயலாத சுமையை ஏற்றுதல். இது விலங்கின் முதுகை மட்டும் குறித்ததாகக் கொள்ளலாகாது. வட்டி, அபராதம், அபராதத்தின் மேல் மீண்டும் வட்டி என ஏற்றுவதும் சுமையே. அபராதத்தை வட்டியாக விதித்தலும், அதன் மேல் வட்டி கணக்கிடுதலும் கூடாதென ரிசர்வ் வங்கி ஆணையிட்டது 2023 ஆகஸ்டில்தான்.

வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் நியாசாபகாரம் என்பதொன்று. அடைக்கலப் பொருளைத் தந்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்க, அறிந்தவர் அதனையே கொடுத்து வாளாவிருத்தல் அது. அங்குப் பொய்ச்சொல் ஒன்றும் இல்லை, மௌனமே பொய்யாகிறது. கடன் முழுதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் வீட்டுப் பத்திரங்களைத் திருப்பித் தருதல் வேண்டும், தன்னால் நேரும் தாமதத்துக்கு வங்கி நாளொன்றுக்கு 5000 ரூபாய் ஈடு தருதல் வேண்டும் என 2023 செப்டம்பரில் விதி பிறந்தது. பத்திரத்துக்குத் தண்டம் விதிக்கலாம். மௌனத்துக்கு யார் விதிப்பார்? மறுப்பு எழுதும் உரிமை தமக்குண்டென அறியாத மலைவாழ் குடியானவரிடம், அறிந்த அலுவலர் அதனைச் சொல்லாது அறிவிப்பை மட்டும் நீட்டினால், சட்டப்படி பிழையில்லாமல் இருக்கலாம். விரதப்படி பிழையே என்பது நம் கருத்து.

கடனாளிக்கும் இவ்வறம் பொதுவானது. வங்கி தரும் பணம் பெரும்பாலும் பிறருடைய சேமிப்பு. முதியோர் பலரின் வைப்புத் தொகையும் அதில் அடங்கும். கொடுக்க வல்லவர் இல்லையெனக் கூறிக் காலம் கடத்துவது பிறர் பொருளைக் கவர்வதற்கு ஒப்பாகும். இயலாதவர்க்கு இரக்கம் வேண்டும் என்பதற்காக, இயன்றவர் அதன் பின்னே மறைந்துகொள்ளுதல் தகாது.

இருந்த உரிமை முறையாகப் பயன்பட்டதா என்று சட்டம் கேட்கும். அவ்வுரிமை எத்துணை உயிர்களை வருத்தியது என்று விரதம் கேட்கும். துன்பம் நேர்ந்து, முறையீடு எழுந்து, ஆண்டுகள் சென்ற பின்னரே முன்னது வருகிறது. பின்னதோ, கையெழுத்திடும் பொழுதே நம்முடன் இருக்கிறது. வங்கியில் பணிபுரியும் நம் சிராவகர்கள் அறிவிப்பைத் தமிழில் விளக்கிச் சொல்வாராக. மறுப்பு எழுதலாம் என்பதையும், சொத்தைக் கைக்கொண்டால் 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை நாடலாம் என்பதையும் தாமே எடுத்துரைப்பாராக. கடன் பெற்றோர், தவணை தவறும் முன்பே வங்கிக்குச் சென்று உண்மை நிலையை உரைப்பாராக. இவற்றைச் செய்ய இன்னொரு சட்டம் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அறம் வளர்க!