பசுவும் கருவியும்

உயிர்களை வருத்திப் பெற்ற அறிவு மக்கள் நோயைத் தீர்க்குமாயின், அவ்வருத்தம் பாவமாகுமோ? விலங்குப் பிறவியே வினைப்பயனாதலின், அத்துன்பம் அவ்விலங்கின் பிராரத்தமேயன்றோ? இங்ஙனம் கனகசெட்டிக்குளத்துச் சைவ அன்பரொருவர் வினாவுகின்றனர். புதுவையின் வடபாற் கடலோரத்துள்ள அவ்வூரார்க்கு இவ்வினா அயலதன்று. 1823-இல் பிரெஞ்சுக்காரர் புதுவையில் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர் ஆகும். அதற்கு முந்தையாண்டில் பிரெஞ்சு நாட்டில் நிகழ்ந்த சோதனையொன்று ஈண்டு ஆராயத்தக்கது.

1822-இல் பிரான்சுவா மஜாந்தி என்னும் உடலியலறிஞர், ஆறு வாரப் பருவத்து நாய்க்குட்டிகள் எட்டினைப் பெற்றுச் சோதனை தொடங்கினார். முதுகந்தண்டைத் திறந்து நரம்பின் பின்வேரை அறுத்தபோது காலில் உணர்ச்சி ஒழிந்தது, அசைவு ஒழிந்திலது. முன்வேரை அறுத்தபோது அசைவு ஒழிந்தது, உணர்ச்சி ஒழிந்திலது. முன்வேரின் தொழிலைச் சார்லஸ் பெல் 1811-இலேயே குறித்திருந்தமையின், இவ்வுண்மை இருவர் பெயராலும் வழங்குகின்றது. ஈதர் மயக்கம் அவையோர்முன் காட்டப்பெற்றது 1846-இல் ஆகலின், அக்குட்டிகட்கு நோவு மறைக்கும் மருந்து யாதுமில்லை.

விலங்கு உணர்வில்லாப் பொறியே என்னுங் கொள்கை 17-ஆம் நூற்றாண்டில் தெகார்த்தின் வழியினரிடைப் பரவியது. அக்கொள்கையை இச்சோதனையே மறுக்கின்றது. கிள்ளியபோது குட்டி அலறாமையைக் கொண்டன்றோ பின்வேர் உணர்ச்சிக்குரியதெனத் துணிவது? அலறல் நோவின் அடையாளமன்றாயின், அலறாமை எதற்கு அடையாளமாம்? அறுபடுவது உணர்வுடைப் பொருளென்று கொண்டாலன்றி அச்சோதனை பயன்படாதென்க.

இனி, அறுபட்ட வேர் கருவியே; அறிவது ஆன்மா. அறிகருவியும் தொழிற்கருவியும் வேறென்றும், அவற்றைக்கொண்டு அறியும் உயிர் அவ்விரண்டின் வேறென்றும் நம் சாத்திரங் கூறும். இதுகொண்டு நரம்பு வேர்களை நம் முன்னோர் கண்டாரென்றல் மிகையாம். ஆயினும், நாய்க்கும் நமக்கும் கருவியமைப்பு ஒத்தலினாலேயே நாயிற் கண்டது நமக்குப் பொருந்துகின்றது. கருவி ஒத்ததாயின், அதனால் நுகரப்படும் நோவும் ஒத்ததேயாம். எல்லாவுயிரையும் ‘பசு’ என்னும் ஒரு சொல்லாற் சுட்டும் நம் சமயத்தில், திருவானைக்காவிற் சிலந்தியும் யானையும் வழிபட்டு அருள்பெற்றமையும் நினைக்கத்தக்கது.

பிராரத்தமெனின், அதனை ஊட்டுவோன் இறைவனே, அவ்வதிகாரம் நமக்கில்லை. நோயுற்ற மனிதனும் பிராரத்தத்தாலேயே வருந்துகின்றான். அவனுக்கு மருந்தளிக்கும் நாம், விலங்கிற்கு மட்டும் வினையைக் காட்டிக் கத்தியெடுத்தல் நடுவுநிலையன்று. அத்துன்பம் விலங்கிற்குப் பிராரத்தமாயினும், செய்தவற்கு ஆகாமியமேயாம்.

அற்றேல், பெற்ற அறிவை எறிந்துவிடலாமோ எனின், அன்று. எறிதலால் அக்குட்டிகளின் நோவு மீளாது. நோயாளர் நோவே மிகும். முதுகந்தண்டு நைந்தாரின் காலைக் குத்தியும் அசைப்பித்தும் மருத்துவர் நோய்நிலை காண்பது இவ்வறிவினாலாம். அதனை நாம் பட்ட கடனாகக் கொள்ளுதலே முறை. கடன்பட்டார் மேலுங் கடன் வளர்த்தல் தகாது. இந்தியாவில் 1960-இல் எழுந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், இயன்றவிடமெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்கவும், அறுவைக்கு மயக்கமருந்து தரவும் நெறி வகுத்தது.

ஆகவே, அன்பர் வினாவிற்கு விடை இது: பயன் பெரிதாதலால் பாவம் புண்ணியமாகாது. வேறு வழி காணப்படாதவிடத்தும், செய்வோன் அதனை அறமென்று பெயரிட்டு மகிழாது, வினையென்றே அஞ்சி, வேறு வழி தேடுதலை ஒழியாதிருத்தல் வேண்டும். அவ்வச்சமே சீவகாருணியத்தின் தொடக்கமாம்.

திருச்சிற்றம்பலம்.