வீட்டு அம்மாவைக் கேட்டபிறகு கூரையைத் தொடுங்கள்

நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் தென்னங்கீற்று வேய்ந்த கூரை இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. அதற்கப்புறம் கீற்று உளுத்துப்போய், ஐப்பசி அடைமழையில் ஒழுகத் தொடங்கிவிடும். கீற்று வாங்க வேண்டும், மூங்கில் வாங்க வேண்டும், கயிறு வாங்க வேண்டும், வேய்கிறவருக்குக் கூலி தர வேண்டும். அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாத கோடையில்தான் இந்தச் செலவு வந்து நிற்கும். வட்டிக்கு வாங்கிக் கூரை மாற்றி, அந்தக் கடன் அடைவதற்குள் கூரை மறுபடியும் உளுத்துவிடுகிற வீடுகள் அங்கே உண்டு. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூரைக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால் கல்வீட்டின் சுவராவது எழும்பியிருக்கும். அந்தப் பணம் ஒருநாளும் மொத்தமாகக் கையில் இருந்ததில்லை என்பதுதான் ஏழ்மை.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவ இப்போது பலர் போகிறார்கள். கல்லூரி மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை இதற்கென்று ஒதுக்கும் அலுவலகப் பிள்ளைகள், பழைய மாணவர் சங்கத்தார். காந்தி நூற்றாண்டான 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியதிலிருந்து கிராமத்து முகாம் என்பது கல்லூரி வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அடுத்தவர் வீடு ஒழுகுவதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாத மனசு ஒரு சமுதாயத்துக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. போகிறவர்களைப் போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. இன்னும் பலர் போக வேண்டும். எப்படிப் போவது என்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

குனிந்துதான் கூரை வீட்டுக்குள் நுழைய முடியும். உள்ளே வெளிச்சம் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகியபின் நன்றாகப் பாருங்கள். ரேஷன் கார்டும் ஆதார் கார்டும் மருத்துவமனைச் சீட்டும் பாலிதீன் பையில் சுற்றி, மழைத்தண்ணீர் படாத இடம் பார்த்து எரவாணத்தில் செருகப்பட்டிருக்கும். பள்ளிக்கூடப் பை தரையில் கிடக்காது, ஆணியில் தொங்கும். எந்த இடத்தில் ஒழுகும், எந்தப் பாத்திரத்தை எங்கே வைக்க வேண்டும், எந்த மூலையில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம் என்பதெல்லாம் அந்த வீட்டு அம்மாவுக்கு மனப்பாடம். சாணம் மெழுகிய தரையில் காலடி படும் இடமெல்லாம் தேய்ந்திருக்கும், மூலைகள் சுத்தமாக இருக்கும். இருக்கும் பத்தடிக்குப் பத்தடியில் ஐந்து பேரின் வாழ்க்கையை அவர் ஒழுங்காக நடத்திக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டுக்குள் டிவி இருப்பதைப் பார்த்துவிட்டு, “இந்த வறுமையிலும் டிவியா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. நாள் முழுக்க நடவு நட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கு மாலையில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்கும் உரிமை நமக்கு உள்ளதுபோலவே இருக்கிறது. வீட்டைத் திருத்தப் போகிறவர் அந்த வீட்டில் வாழ்கிறவரின் அறிவை மதிக்காமல் போனால், செய்கிற வேலை எவ்வளவு நல்லதானாலும் கெட்டுப்போகும்.

கெட்டுப்போனதற்குச் சான்று நிறைய இருக்கிறது. விறகடுப்புப் புகையில் கிராமத்துப் பெண்களின் கண்ணும் நெஞ்சும் பாழாவதைத் தடுக்க 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புகளைக் கொடுக்கத் தொடங்கியது. கோடிக்கணக்கில் கொடுத்தது. பல வீடுகளில் அவை சில வருஷம்கூட நிற்கவில்லை. அடுப்பின் வாய் அந்த வீட்டுப் பானைக்குப் பொருந்தவில்லை. புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் விதம் யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை. விரிசல் விட்டால் பூசித்தர ஆள் இல்லை. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. சமைக்கிறவரிடம் முதலில் கேட்காததுதான் குறை. அரசின் தொகுப்பு வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் தளம் சுட்டெரிக்க, பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகை போட்டு அதில் சமைத்து, அதிலேயே படுத்து, கட்டிய வீட்டில் நெல் மூட்டையையும் ஆட்டுக்குட்டியையும் வைத்திருப்பார்கள். தண்ணீர் வசதி இல்லாமல் கட்டிக்கொடுத்த கழிப்பறைகளில் விறகு அடுக்கியிருக்கும். இதை வைத்து அந்த ஜனங்களைக் குறை சொல்வது அநியாயம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது கூரைகள் பறந்தன. கீற்றுக் கொடுத்த தென்னை மரங்களும் லட்சக்கணக்கில் விழுந்தன. வேன் வேனாக உதவி வந்தது. அரிசி, போர்வை, தார்ப்பாய். அந்தச் சமயத்தில் வேதாரண்யம் பக்கத்து ஊர் ஒன்றில் கண்ட காட்சி இது. இரண்டு இளைஞர்கள் ஒரு வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, மேல மறைக்கிறது சரி. தரையக் கொஞ்சம் ஒசத்திக் குடுத்தீங்கன்னா புண்ணியமா போவும். வருஷா வருஷம் மழத்தண்ணி உள்ள வந்துடுது, புள்ளைங்க ஈரத்துலயே படுக்குதுங்க” என்றார். ஒருவர் தார்ப்பாயை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். “எவ்ளோ ஒசரம் வேணும்க்கா?” என்று கேட்டார். அந்த அம்மா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அதற்குமுன் அந்த வீட்டுக்குள் எத்தனை வருஷம் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பது அந்த ஒரு கையசைப்பில் இருந்தது. எந்த என்ஜினீயரிடமும் அந்த அளவு இல்லை.

நாகையும் திருவாரூரும் அடங்கிய இதே கீழத்தஞ்சையில் ஏழை வீடுகளுக்கு உதவுவதை வாழ்நாள் வேலையாகச் செய்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். திண்டுக்கல் பக்கம் நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றில் 1926இல் பிறந்தவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். உயிருக்குப் பயந்து ஒளிந்த இடம், ஒரு தீக்குச்சிக்குத் தாங்காத ஓலைக் குடிசை. அந்தக் கொடுமைக்குப் பின் கிருஷ்ணம்மாளும் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அங்கே வந்து, அந்த மண்ணையே தங்கள் வேலைக்களமாக்கிக்கொண்டார்கள். வினோபா பாவேயின் பூதான (நிலக்கொடை) இயக்கத்தில் நடந்து பழகிய கால்கள் அவை.

அவர்கள் கூரையிலிருந்து தொடங்கவில்லை. 1981இல் லாஃப்டி எனப்படும் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, நிலச்சுவான்தார்களிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலத்தை வாங்கிக் கூலி வேலை செய்த குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பெயரில் பதிவானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன. மண் குடிசைகளுக்குப் பதில் செங்கல் வீடுகள் என்ற வேலையைக் கிருஷ்ணம்மாள் வயதான காலத்திலும் விடவில்லை. செங்கல் அறுப்பதையும் சுவர் எழுப்புவதையும் அந்த ஜனங்களே செய்யப் பழக வேண்டும் என்பது அவர் வழி. 2008இல் அவருக்கும் ஜெகந்நாதனுக்கும் ரைட் லைவ்லிஹுட் விருதும், 2020இல் அவருக்குப் பத்மபூஷணும் கிடைத்தன. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் கடைப்பிடித்த வரிசை. முதலில் காலடி மண் அந்த வீட்டுப் பெண்ணின் பெயருக்கு வர வேண்டும். பிறகுதான் சுவரும் கூரையும்.

இந்த வரிசையின் அருமை மனை இல்லாதவர்களுக்குத் தெரியும். கோயில் மனையிலும் மடத்து மனையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் டெல்டாவில் ஏராளம். தனியார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் மனையைச் சொந்தமாக்கியது. மற்றவர்கள் இன்னமும் காத்திருக்கிறார்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3,50,000 ரூபாய் தருகிறார்கள், 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. மனைக்குப் பட்டா இல்லாதவருக்கு அந்தப் பணம் வெறும் செய்திதான். பட்டா இருந்தாலும் பணம் தவணையாகத்தான் வரும். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை. முதல் கல்லுக்கும் முதல் மூட்டை சிமெண்டுக்கும் கந்து வட்டிக்குப் போகிறார்கள். பாதியில் நின்று, கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். அங்கே பத்து இளைஞர்கள் ஒரு வாரம் மண் சுமந்து, கல் எடுத்துக் கொடுத்தால் சித்தாள் கூலி மிச்சமாகும். அந்தக் குடும்பம் கடனில் விழாது. ஒருவர் அந்த அம்மாவோடு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தால், சுவருக்கு வெள்ளையடிப்பதைவிட அது பெரிய உதவி. போட்டோவில் அது அழகாக இருக்காது. அதனால்தான் அதைச் செய்ய ஆள் கிடைப்பதில்லை.

செலவைக் குறைக்கும் வழிகளும் தெரிந்தவைதான். திருவனந்தபுரத்தில் குடியேறி ஏழைகளுக்கு வீடு கட்டிய லாரி பேக்கர், செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவே காற்றுக்கு இடம் விடும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். அந்தச் சுவருக்குக் கால் பங்கு செங்கல் குறையும், வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது. தளத்தில் கான்கிரீட்டுக்கு நடுவே பழைய ஓடுகளைப் பதித்தார். பக்கத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டு கட்டு என்றார். ஒரு மேஸ்திரி இதைக் கற்றுக்கொண்டால் அந்த வட்டாரம் முழுக்கப் பரவும்.

போட்டோ பற்றி ஒரு வார்த்தை. ஒழுகும் வீட்டின் முன்னால் குழந்தைகளை நிறுத்திப் படமெடுத்துப் போடாதீர்கள். நாளை அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது அந்தப் படம் அதன் கூடவே வரும். உதவி பெற்ற பாவத்துக்கு ஒரு குடும்பம் தன் வறுமையைப் பார்வைக்கு வைக்க வேண்டியதில்லை. நன்றி சொல்லும்படி மைக்கை நீட்டுவதும் வேண்டாம்.

இந்த வருஷம் முகாம் போடத் திட்டமிடும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேதியை உங்கள் பரீட்சையைப் பார்த்துக் குறிக்காமல் வானத்தைப் பார்த்துக் குறியுங்கள். தை அறுவடை முடிந்து மாசியில் ஒருமுறை சும்மா போய், வீட்டு அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். பங்குனி, சித்திரையில் வேலையைத் தொடங்கி, வைகாசிக்குள் தரையையும் கூரையையும் முடித்துக் கொடுங்கள். ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் மறுபடியும் ஒருமுறை போங்கள். எங்கே ஒழுகுகிறது என்று அப்போதுதான் தெரியும்.