மாளிகையில் உலவும் ஆவி எவருடையது?

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையோரம் முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி மாளிகையைக் காணாத பேராக்காரர் குறைவு. அங்கே ஆவி உலவுகிறது என்னும் கதையைக் கேளாதவர் அதனினும் குறைவு. அந்த ஆவி பெரும்பாலும் துரையினுடையது. சில வேளை அவர் மகளுடையது. மாளிகையை எழுப்பிய தமிழ்த் தொழிலாளியின் ஆவியைப் பற்றிக் கேட்பது அரிது. பேய் உண்டா இல்லையா என்பதன்று இங்கு எழும் வினா. செத்த பின்னும் நினைக்கப்படும் உரிமை எவருக்கு என்பதே.

அமெரிக்க நாவலின் தொடக்க காலத்திலும் இவ்வினா மறைந்து கிடக்கிறது. ஐரோப்பியத் திகில் கதைக்குப் பாழடைந்த கோட்டை ஒன்று வேண்டும். புதிய நாட்டில் கோட்டைக்கு எங்கே போவது? சார்லஸ் பிராக்டன் பிரௌன் 1799இல் வெளியிட்ட ‘எட்கர் ஹன்ட்லி’ நாவலின் முன்னுரையில் கோட்டைகளை விலக்கி, காட்டையும் செவ்விந்தியரோடு நேர்ந்த மோதலையும் தம் களமாகக் கொண்டார். சொந்த மண்ணில் கதை தேடியது பாராட்டத்தக்கதே. ஆயினும் நிலத்தை இழந்தவன் அச்சுறுத்துபவனாகவும், பறித்தவன் நடுங்குபவனாகவும் மாறிப்போயினர்!

நத்தேனியல் ஹாதோர்ன் நேர்மையான வழியில் சென்றார். 1692இல் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டோரை விசாரித்தவர்களுள் அவர்தம் முன்னோர் ஒருவரும் இருந்தார். 1851இல் வெளிவந்த அவரது நாவலில், ஏழையின் நிலத்தை விரும்பிய செல்வன் ஏழையைச் சூனியக்காரனாக்கித் தூக்குக்கு அனுப்பிவிட்டு, அந்நிலத்திலேயே வீடு கட்டுகிறான். சாபம் தலைமுறைகளைத் தொடர்கிறது. அங்கே ஆவி என்பது தீராத கணக்கு.

பேராவிலோ கோட்டையே இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பரால் செல்வம் சேர்த்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் அம்மாளிகையைத் தொடங்கினார். முதல் உலகப் போரை அடுத்து உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவருடைய தமிழ்த் தொழிலாளரையும் வாரிக்கொண்டது. மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென அவர்கள் கேட்டனர் என்றும், துரை இசைந்தார் என்றும் கூறுவர். 1926இல் துரை லிஸ்பனில் மறைந்தார், வேலையும் நின்றது. மாளிகைக்கு வருவோர் ஆறடுக்குக் கோபுரத்தையும் மின்தூக்கியையும் பற்றிய துரையின் கனவுகளை விரிவாகக் கேட்கின்றனர். காய்ச்சலில் மாண்டோர் அக்கதையில் ஓர் எண்ணாக வந்து போகின்றனர்.

தோட்டத் தமிழர் பேய்க்கு அஞ்சாதவர் அல்லர். விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் விளக்கோடு நுழைந்தவனுக்குத் திகில் பொழுதுபோக்கன்று. அவன் முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துக் காவல் வேண்டினான். அச்சம் அவனிடத்தில் கதையாகாமல் வழிபாடாயிற்று. அதனால் மனம் தேறியது மெய். காய்ச்சல் லயங்களில் அத்தனை பேரை ஏன் கொண்டுபோயிற்று என்னும் கேள்வி அடங்கிப்போனதும் மெய்.

கோயிலின் மேற்புறத்தில் தெய்வ வடிவங்களுக்கிடையே மேனாட்டு உடையில் ஒரு சிலை உண்டு. துரை என்பர். நன்றி என்பார் ஒருசாரார்; அடிமைப் புத்தி என்பார் மறுசாரார். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. கொடுத்தவரை அத்தொழிலாளர் மறக்கவில்லை; தம்முள் மாண்டவருக்கு வடிவம் சமைக்க அவர்களுக்கு எவரும் இடம் தரவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் மாளிகை வாசலில் நிற்கின்றன. கோயில் வரை செல்வோர் சிலரே.