ஜான் விக்கர்ஸ் பாட மறுத்த ஓபரா

கனடிய டெனர் ஜான் விக்கர்ஸ், லண்டன் கோவன்ட் கார்டனில் பாடவிருந்த வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ ஓபராவிலிருந்து 1977இல் விலகினார். அது தன் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு விரோதமானது என்றார். வாக்னரின் இன்னோர் ஓபராவில் உடன்பிறந்தவளையே காதலிக்கும் சீக்முண்டாக 1958இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் பாடியவருக்கு இதில் மட்டும் ஏன் தயக்கம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாவியின் வேடம் கட்டுவது வேறு, இரட்சிப்பையே திரித்துச் சொல்வதாகத் தான் நம்பும் கதைக்குக் குரல் கொடுப்பது வேறு. சீக்முண்ட் போரில் மடிகிறான். டான்ஹாய்சரோ, போப் மன்னிக்க மறுத்தபின், தனக்காக உயிர்விட்ட எலிசபெத்தின் வேண்டுதலால் மீட்கப்படுகிறான். கிறிஸ்துவின் இடத்தில் ஒரு பெண்ணை வைப்பதாக ஒரு விசுவாசிக்கு இது படலாம்.

பாடகன் வெறும் கருவிதானே என்பார்கள். வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்; டெனருக்குக் கருவி, அவன் ஜெபிக்கும் அதே தொண்டை. மற்றவர்கள் அந்த ஓபராவைப் பாடட்டும். விக்கர்ஸ் மறுத்தது சரியே.