பயனில்சொல்

என் அப்பா கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக் கோத்தவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை என்று வரும் வேலைகளோடு எங்கள் கல்லூரி ஆண்டு மலரும் அங்கேதான் அச்சாகும். 1984-இல் அந்த மலருக்கு ‘வாய்மை’ என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் காபித் தூக்கோடு போனபோது அப்பா அதைத்தான் கோத்துக்கொண்டிருந்தார். இடது கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக். வலது கை, பார்க்காமலே, எழுத்துக் கேஸின் அறை அறையாகப் போய்வரும். ‘கொ’ வேண்டுமென்றால் கொம்பு ஒன்று, ‘க’ ஒன்று, கால் ஒன்று என மூன்று ஈயத் துண்டுகளை எடுத்து வைக்க வேண்டும்.

“பாப்பா, மொதப் பாராவக் கோத்து முடிக்க முக்கா மணி ஆச்சு. அதுல என்ன சொல்லியிருக்கே, சொல்லு.”

ஆதிகாலந்தொட்டு மனிதகுலம் உண்மையைப் போற்றி வந்திருக்கிறது என்ற ரீதியில் பன்னிரண்டு வரி. யோசித்துப் பார்த்தேன், சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அப்பா கோபிக்கவில்லை. “அப்ப பிரிச்சுப் போட்டுடு” என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். ‘ந’ எது, ‘த’ எது என்று பல்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் போட்டேன். ராத்திரி எட்டாகிவிட்டது. விரல் நுனியெல்லாம் கறுப்பு. எழுதும்போது அந்தப் பத்திக்கு எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மணிமேகலையைப் பாடமாகப் படித்தபோது அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. அதில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் தீவினைகளைப் பத்தாகப் பிரித்துச் சொல்கிறார். உடம்பால் வருவன மூன்று, மனத்தால் வருவன மூன்று, சொல்லால் வருவன நான்கு. பொய், கோள், கடுஞ்சொல், அவற்றோடு பயனில்சொல். முதல் மூன்றும் யாரையாவது காயப்படுத்துகின்றன. நான்காவது யாரை என்ன செய்கிறது? வெறும் பேச்சைக் கொலையும் களவும் இருக்கும் பட்டியலில் ஏன் வைக்க வேண்டும்?

பௌத்தம் துறவிக்குச் சொன்ன கட்டுப்பாடு இது என்று தள்ளிவிடவும் வழியில்லை. வள்ளுவர் வாய்மையை 30-ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். பயனில சொல்லாமையை அதற்குப் பத்து அதிகாரம் முன்னால், இல்லறவியலிலேயே, புறங்கூறாமைக்கு அடுத்து வைத்துவிட்டார். பிள்ளை குட்டியோடு இருப்பவனுக்கும் இது அறம்தான். வெற்றுச் சொல்லைப் பாராட்டுகிறவனை மனிதருக்குள் பதர் என்கிறார். வேறெங்கும் இவ்வளவு கடுமையாக அவர் பேசிப் பார்த்த நினைவு எனக்கில்லை.

காரணம் களவு என்றே நம்புகிறேன். எதிரில் இருப்பவரின் ஆயுளில் முக்கால் மணியை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் தராமல் போவதற்கு வேறென்ன பெயர்? அன்று எடுத்தது அப்பாவிடமிருந்து. இப்போது எழுத்துக் கோக்க ஆளில்லை. அந்தக் கூலியை வாசகர்தான் தருகிறார். பஸ்ஸில் நின்றுகொண்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நம் எழுத்தை நம்பி வாசிக்கிறவர்.

அப்படியானால் பயன் என்றால் தகவல் மட்டும்தானா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. இழவு வீட்டில் ஒரே வார்த்தையை நாற்பது தடவை சொல்லி அழுகிற தாயிடம் கூறியது கூறல் என்று யார் குற்றம் காண்பார்கள்? நாமாவளி பாடுகிறவர் திரும்பத் திரும்பச் சொல்வதும் வீணில்லை. அந்தச் சொல் அங்கே ஒரு வேலை செய்கிறது, சொல்கிறவரைத் தாங்கிப் பிடிக்கிறது. என் பன்னிரண்டு வரி அழவுமில்லை, தொழவுமில்லை, எதையும் தெரிவிக்கவுமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

நல்ல கட்டுரைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் ரமணரின் ‘நான் யார்?’ நூலைக் காட்டுவேன். 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை விருபாட்ச குகைக்குப் போய்க் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசாமல் இருந்த காலம். சைகையாலும், மணலில் விரலால் எழுதியும் பதில் சொன்னார். மணலில் எழுதுகிறவருக்கு முன்னுரை எழுத இடமேது? கேட்டதற்கு நேராகப் பதில். கேள்வி கேட்டவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதியபோது எனக்கு எதிரில் ஒருவருமில்லை. மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்பதற்காக எழுதினேன். குறை அங்கே தொடங்கியது.

நன்னூல் எழுதிய பவணந்தி சமண முனிவர். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் வெற்றெனத் தொடுத்தலையும் நின்று பயனின்மையையும் அவர் சேர்த்தது வெறும் இலக்கணக்காரரின் கறார்த்தனமாக எனக்குப் படவில்லை. சொல்லை அளந்து பேச நோன்பிருந்தவருக்கு அது நடை பற்றிய விஷயம் மட்டுமாக இருந்திருக்காது.

அதனால் வகுப்பில் தலைப்பை எப்படி வைப்பது, எப்படித் தொடங்குவது என்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்கிறேன். யாருக்குச் சொல்கிறாய், அவர் பெயர் என்ன என்று முதலில் கேட்பேன். அத்தைக்கு என்றால், அத்தை எதிரில் இருந்தால் இந்த வரியைச் சொல்வாயா என்று கேட்பேன். பாதிக் கட்டுரை அங்கேயே உதிர்ந்துவிடும். மிச்சத்தில் மரம் என்று இருக்கும் இடத்தில் என்ன மரம் என்று கேட்பேன். புங்கமா, வேம்பா? தெரியாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். பார்க்காததை எழுதுவது பயனில்சொல்லிலிருந்து பொய்க்குப் போகும் குறுக்குவழி.

நீங்களும் அடுத்த முறை எழுதி முடித்ததும் முதல் பத்தியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இரண்டாவதிலிருந்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை என்றால், தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.