அறிதலும் அறமும்: உர்சுலா லெ குவினின் வேற்றுலகப் புதினங்கள்

முன்னுரை

வேற்றுலகப் பயணம் அறிவியல் புனைகதையின் பழைய பாடுபொருள்களுள் ஒன்று. அத்தகைய கதைகளில் பயணம் செல்வோர் காண்போராகவும், அங்கு வாழ்வோர் காணப்படுவோராகவும் அமைவது பெருவழக்கு. இவ்வமைப்பினை ஐயத்திற்கு உட்படுத்தியவர் அமெரிக்கப் புதின ஆசிரியர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018). பிற சமுதாயம் ஒன்றை அதற்கு ஊறு விளைக்காது அறிய இயலுமா, அறிந்தபின் அறிந்தவருக்குரிய கடமை யாது என்னும் இரு வினாக்களை, அவருடைய ஹைனிய வரிசைப் புனைவுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இஷியின் வரலாறு

லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலறிஞர். 1911ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் யாகி இனத்தின் எஞ்சிய ஒரே மனிதர் வெளியுலகின் பார்வைக்கு வந்தார். தம் பெயரைத் தாமே கூறுதல் அவர்தம் மரபன்று. எனவே அவருடைய மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லால் குரோபர் அவரை அழைத்தார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கிய இஷி, காண வந்தோர்க்கு அம்பு செய்யும் முறையைக் காட்டினார். 1916இல் காசநோயால் இறந்தார். உடலை அறுத்து ஆய்தல் கூடாதெனக் குரோபர் எழுதியும் ஆய்வு நடந்தேறியது. பின்னர் இஷியின் மூளையை ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு அனுப்பியவரும் குரோபரே. 2000ஆம் ஆண்டில்தான் அது இஷியின் உறவினப் பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வரலாற்றை 1961இல் நூலாக்கியவர் லெ குவினின் தாயார் தியோடரா குரோபர். இதுவே மகளின் புனைவுகளுக்குக் காரணம் எனல் மிகையாகும். ஆயினும் நட்பும் ஆய்வும் ஒருவரிடத்தே மோதும்போது எது வெல்லும் என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது.

திணைப் பகுப்பும் வன்முறையும்

ஹைன் என்னும் கோளின் மக்கள் தொன்மைக் காலத்தில் பல உலகங்களில் குடியேறினர் என்பது இவ்வரிசையின் அடிப்படை. ஆதலின் இங்கு வேற்றுலகினர் அனைவரும் உறவினரே. அவ்வுறவை மறுத்தலே முதல் அறக்கேடு என்பதை 'உலகைக் குறிக்கும் சொல் காடு' (1972) காட்டுகிறது. அத்ஷி என்னும் காட்டுலகின் மக்கள் உயரம் குறைந்தவர். பசிய மயிர் போர்த்த மேனியர். மரம் வெட்ட வந்த புவியினர் அவர்களை இழிபெயரிட்டு அழைத்து அடிமைகளாக்குகின்றனர்.

தொல்காப்பியம் உயர்திணையை 'மக்கட் சுட்டு' என வரையறுக்கிறது. உருவத்தை விடுத்து, மக்கள் எனச் சுட்டும் சுட்டையே அது அளவுகோலாக்குகிறது. அச்சுட்டினை மறுக்கும் படைத்தலைவன் டேவிட்சன், காட்டு மக்களை அஃறிணையாக்கிய பின்னரே வன்முறையில் இறங்குகிறான்.

மானிடவியலாளர் லூபவின் நிலை இதனினும் சிக்கலானது. அவர் அம்மக்களின் மொழியைக் கற்றவர். செல்வர் என்னும் அத்ஷியரின் நண்பர். அம்மக்கள் கொலை அறியாதவர் என்பது அவர் கண்ட உண்மை. ஆனால் அடக்குமுறை அவ்வுண்மையை அழித்துவிடுகிறது. செல்வர் தலைமையில் அம்மக்கள் கொல்லக் கற்கின்றனர், லூபவும் மடிகிறார். காட்டின் விடுதலைக்குப் பின்னும் கற்ற கொலையை மறக்க வழியில்லை. ஆதிக்கத்தின் நிழலில் நின்று திரட்டிய அறிவு, நல்லெண்ணம் உடையதாயினும் காக்கும் ஆற்றல் அற்றது என்பது இதன்வழிப் பெறப்படும்.

காண்பவர் காணப்படுதல்

'இருளின் இடக்கை' (1969) இதற்கு மாற்றான அறிதல் முறையொன்றை முன்வைக்கிறது. கெதென் என்னும் பனியுலகின் மக்கள் நிலையான ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லாதவர். எக்குமென் கூட்டமைப்பின் தூதர் கென்லி ஆய் அங்குத் தனியராகச் செல்கிறார். தனியொருவரால் ஓர் உலகை மாற்ற இயலாது. ஆனால் அவ்வுலகம் அவரை மாற்ற இயலும் என்பதே அத்தனிமையின் பொருள். கெதெனியர் பார்வையில் எப்போதும் ஒரே பாலாக இருக்கும் ஆய்தான் இயல்பு திரிந்தவர். எஸ்திரவனுடன் பனிப்பாலையைக் கடக்கும் நெடும்பயணத்தில், தாம் காண மறுத்து வந்த பெண்மையையும் அவரிடத்தே ஆய் ஏற்கிறார். இறுதியில் தம் இனத்தோர் வந்திறங்கும்போது அவர்களே அவருக்கு அயலாராகத் தோன்றுவது கருதத்தக்கது.

கெதெனியரை ஆண்பாற் பிரதிப்பெயரால் சுட்டியதை 1976இல் வெளியிட்ட கட்டுரையில் லெ குவின் நியாயப்படுத்தினார். 1980களின் பிற்பகுதியில் அந்நிலைப்பாட்டைத் தாமே மறுத்து எழுதினார். ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயர்களுக்குத் தமக்கெனப் பால் உணர்த்தும் ஈறு இல்லை என்னும் தொல்காப்பியக் கிளவியாக்கச் செய்தி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தமிழில் 'அவர்' என்னும் சொல் இவ்விடரை எளிதில் கடந்துவிடும். எனினும் மகன், தம்பி என உறவு கூறும் இடத்தில் இடர் மீண்டும் எழும். அயலாரை அறிய முனைவோர் தம் மொழியின் எல்லையை முதலில் அறிகின்றனர்.

தலையிடாமை அறமாகுமா?

ஊறு செய்யாமையே அறம் எனில், விலகி நின்று காண்பது போதும் என வாதிடலாம். 'மன்னிப்புக்கு நான்கு வழிகள்' (1995) இவ்வாதத்தைச் சோதிக்கிறது. எயோவே உலகில் அடிமைகள் விடுதலை பெற்ற பின்னும் பெண்கள் விடுதலை பெறவில்லை. அங்கு வந்த எக்குமென் பிரதிநிதி ஹவ்ஷிவா வாய்மூடி இருந்தால் ஆண்களின் ஆதிக்கத்திற்குத் துணைபோனவர் ஆவார். ஆணையிட்டால் புதிய எசமானர் ஆவார். அவர் பெண்களின் போராட்டத்திற்குத் தலைமை ஏற்கவில்லை. அவர்கள் வேண்டுவது யாதெனக் கேட்டுத் துணை நிற்கிறார். எனினும் துணை நிற்கும் ஆற்றலும் எக்குமென் தந்த பதவியின் ஆற்றலே. இம்முரணை லெ குவின் முற்றத் தீர்க்கவில்லை.

முடிவுரை

குற்றமற்ற அறிதல் என ஒன்று இல்லை என்பதே இப்புனைவுகளால் பெறப்படும் கருத்து. அறிபவர் தம்மைப் பிறர் பார்வைக்கு உட்படுத்துதல், அறியப்பட்டோர்க்கு மறுக்கும் உரிமை அளித்தல் ஆகிய இரண்டும் அமையும்போதே அறிதல் அறத்தை நெருங்குகிறது. இஷிக்கு இவ்விரண்டாவது உரிமை இறப்பிற்குப் பின்னும் கிட்டவில்லை. ஒரு மக்கட் குழுவிடம் கதையோ பாடலோ வழக்காறோ திரட்டச் செல்லும் எத்துறை ஆய்வாளர்க்கும், தரவின் அளவுக்கு முன்னர் எழ வேண்டிய வினா இதுவே.